கதவு வரைக்கும் ஒரு கோடு

பூங்கோதையின் கோடு தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது.

சுகிர்தா முதலில் அதைத் தன் கைப்பிழை என்றுதான் நினைத்தாள். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு அவள் ஒரே ஒரு ஸ்லைடு செய்யவேண்டியிருந்தது. கெடிலம் ஆறு கடலில் சேருமிடத்தில் கட்டப்போகிற வெள்ளக் கதவின் டைம்லைன். புயல் நேரத்தில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறிக் கடலூரை மூழ்கடிக்காமல் தடுக்கப்போகும் பெரிய இரும்புக் கதவு அது. ஆறு வருட வேலை. இன்றிலிருந்து கதவு முதன்முறை மூடப்படுகிற நாள்வரை எல்லாம் ஒரே பார்வையில் தெரியவேண்டும். பணம் தருகிற வங்கியின் ஆட்கள் நேரில் வந்து பார்க்கப்போகிறார்கள்.

அவள் இந்த வேலைக்கு வந்த புதிதில் டைம்லைனைக் கையால்தான் செய்வார்கள். நீளமாக ஒரு கட்டம் போட்டு, அதை நகலெடுத்து வரிசையாக ஒட்டி, அம்புக்குறி வைத்து, ஒரு கட்டம் மயிரிழை ஏறி நின்றாலும் கண்ணை உறுத்துமே என்று இழுத்து இழுத்துச் சரிசெய்ய அரைநாள் போய்விடும். சுகிர்தாவுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. பிறகு ‘நேர்கோடு’ என்ற மென்பொருள் வந்தது. வேலைகளின் பெயரைச் சொன்னால் அதுவே வரைந்துவிடும். சில வருடங்களுக்கு முன் வந்த புதிய பதிப்பு ஒரு படி மேலே போய் ஆட்களுக்கும் கோடு போட்டது. வருகைப் பதிவு, மருத்துவக் காப்பீடு, எல்லாரும் கையில் கட்டியிருக்கும் வாட்ச் சொல்லும் நாடித்துடிப்பு, கூட்டங்களில் யார் யாரிடம் எந்தக் குரலில் பேசினார்கள் என்பது எல்லாவற்றையும் கலந்து பார்த்து, ஒருவர் இந்தத் திட்டத்தில் எதுவரை இருப்பார் என்று கணித்தது. அந்த நீளத்துக்கு அவர் பெயரில் ஒரு கோடு.

அடித்தளத்துக்கு மன்சூர். மோட்டாருக்குக் கலைவாணன். மண் ஆய்வுக்கு நீலாம்பரி. அவர்களின் கோடுகள் வலப்பக்கக் கடைசியில் ‘முதல் மூடல்’ என்று எழுதிய சாய்சதுரம்வரை நீலமாக ஓடின. கதவை வடிவமைத்த தலைமைப் பொறியாளர் பூங்கோதையின் கோடு மட்டும் விரல்கடை நீளம்தான் வந்தது. இந்த வருட நவம்பரோடு சரி.

சுகிர்தா அதன் முனையைப் பிடித்து இழுத்தாள். கையை எடுத்ததும் ரப்பர் போலப் பழைய இடத்துக்கே சுருங்கியது. கணிப்பை மாற்ற உங்களுக்கு அனுமதி இல்லை என்று ஓரத்தில் ஒரு வரி வந்து மறைந்தது. காரணம் எதையும் அது சொல்லவில்லை, சொல்கிற வழக்கமும் அதற்கு இல்லை.

குட்டைக் கோடு என்றால் என்ன என்று கேன்டீனில் எல்லாருக்கும் தெரியும், வாய்விட்டுத்தான் பேசமாட்டார்கள். அடைக்கலம் என்று ஒரு நில அளவையாளர் வேறொரு திட்டத்தில் இருந்தாராம். கோடு முடிந்த அதே மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாராம். டாக்டருக்கு முன்னாலேயே நேர்கோட்டுக்குத் தெரிந்துவிடும் என்பார்கள்.

சுகிர்தா எழுந்துபோய் மேலாளர் திருஞானத்தின் அறைக்கதவைத் தட்டினாள். அவர் ஸ்லைடைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பேரை எடுத்துடும்மா.”

“சார்?”

“பூங்கோதை மேடம் பேரை. சென்னை ஆபீஸ்லேர்ந்து ஒருத்தர் பேரைத் தர்றேன். அவருக்குக் கோடு முழுசா வருதான்னு பாத்துட்டு அந்த இடத்துல போடு.”

“கதவையே மேடம்தான் சார் டிசைன் பண்ணாங்க.”

“தெரியாதா எனக்கு? ஆனா வங்கிக்காரங்க குட்டைக் கோட்டைப் பாத்தா மொதல்ல அதைத்தான் கேப்பாங்க. பாதியில போற ஆளை வச்சுக்கிட்டா இவ்வளவு பெரிய வேலையில இறங்குறீங்கன்னு. நான் என்ன சொல்றது? நவம்பருக்குள்ள எல்லாத்தையும் புது ஆள்கிட்ட ஒப்படைக்க வச்சிடலாம்.”

“அவங்களுக்கு என்ன சார்?”

“அதை நாம கேக்கக் கூடாது. நீயும் சொல்லிடாத. வேற ப்ராஜெக்ட்டுக்கு மாத்துறோம்னு நானே பக்குவமா எடுத்துச் சொல்லிக்கிறேன். தெரியாம இருக்கறதுதான் அவங்களுக்கு நிம்மதி.”

அதை அவர் கனிவாகத்தான் சொன்னார். அதைத்தான் சுகிர்தாவால் பொறுக்க முடியவில்லை.

சொல்லாமல் இருக்க அவளால் முடியாது என்று வீடு போய்ச் சேர்வதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. ஆனால் எப்படிச் சொல்வது? என்ன வியாதி, எவ்வளவு வலிக்கும், கூட யாரை வைத்துக்கொள்ளவேண்டும், ஒன்றும் தெரியாமல் வெறுமனே உங்கள் கோடு குட்டை என்று போய் நிற்பதா? அடைக்கலத்தின் மனைவியைப் பார்த்தால் அந்தக் கடைசி மாதங்கள் எப்படிப் போயின என்று கேட்கலாம் என்று தோன்றியது. சம்பளப் பிரிவில் இருந்த ஓர் அக்காவிடம் விலாசம் வாங்கிக்கொண்டு ஞாயிறு காலையில் புவனகிரிக்குப் பஸ் ஏறினாள். துக்கம் விசாரிக்கிற வார்த்தைகளை வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தவர் பனியனும் லுங்கியுமாக இருந்தார். கையில் மிக்ஸியின் மூடி.

“அடைக்கலம் சாரோட வீட்டம்மாவப் பாக்கணும்.”

“அவ கடைக்குப் போயிருக்கா. நான்தான் அடைக்கலம். என்ன விஷயம்?”

சுகிர்தா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் எங்கே வேலை செய்கிறாள் என்று தெரிந்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

“நான் செத்துட்டதா சொன்னாங்களா?”

“ஆமா சார். மன்னிச்சிக்கோங்க.”

“நீ எதுக்கு மன்னிப்புக் கேக்கற? நானே அதை நம்பினேன்மா.”

அவர் மிக்ஸி மூடியைத் துடைத்தபடியே சொன்னார். கோடு குட்டையாக வந்ததை நண்பர் ஒருவர் காதோடு சொன்னாராம். அந்தக் கோடு முடிகிற மாதத்திலேயே அந்தத் திட்டத்தின் மேலாளர் அவரைக் கூப்பிட்டு ஓய்வெடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். அவர் சிதம்பரத்தில் காட்டினார், பாண்டிச்சேரியில் காட்டினார். எல்லா டாக்டர்களும் ஒன்றும் இல்லை என்றார்கள்.

“நான் நம்பலயே. மெஷினுக்குத் தெரிஞ்சது இவங்களுக்குத் தெரியலன்னு நெனச்சேன். என் பொண்ணு அப்ப காலேஜ்ல ரெண்டாவது வருஷம். நான் கண்ண மூடறதுக்குள்ள அவளுக்கு ஒரு கல்யாணத்தப் பண்ணிடணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். படிச்சு முடிக்கறேன்பான்னு அழுதா. அப்பா சாகப்போறேன்மான்னு சொன்னேன். அதுக்கப்புறம் அவ என்ன சொல்ல முடியும்? பையன் சரியில்ல. இப்ப அவ என்கிட்டப் பேசறதில்ல.” மூடியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். “அப்புறம் வந்து படுத்தேன். இன்னைக்கோ நாளைக்கோன்னு காத்துக்கிட்டு இருந்தேன். சாவு வரல. பசிதான் வந்துச்சு. எழுந்து சாப்பிட்டேன்.”

“அப்ப அந்தக் கோடு பொய்யா சார்?”

“பொய்யா இருந்தாத் தேவலையே. ரெண்டு வருஷமா இதைத்தான் யோசிச்சிட்டு இருக்கேன். அந்தக் கோடு எதைச் சொல்லுது? நான் எதுவரைக்கும் உசுரோட இருப்பேன்னா? இல்ல. வேலையில என் பேரு எதுவரைக்கும் இருக்கும்னு. எனக்கு முன்னாடி கோடு குட்டையா வந்தவங்கள மேனேஜருங்க என்ன பண்ணாங்க? தூக்கினாங்க. அதையும் அது பாத்துக்கிட்டே இருந்துச்சு. அடிக்கடி ஆஸ்பத்திரி போறவன், எதுத்துப் பேசறவன், வயசானவன், யாரை இவங்க தூக்குவாங்கன்னு கத்துக்கிச்சு. இவங்க தூக்குவாங்கன்னு தெரிஞ்சு அது கோட்டைக் குறைக்குது. கோடு கொறஞ்சிடுச்சுன்னு இவங்க தூக்கறாங்க. பாத்தியா, அது சொன்னா சொன்னதுதான்னு ஊரே பேசுது.”

சுகிர்தாவுக்குத் திருஞானம் சொன்னது நினைவுக்கு வந்தது. நவம்பருக்குள் ஒப்படைக்க வச்சிடலாம். கோடும் நவம்பரில்தான் முடிந்தது. பூங்கோதையின் உடம்பைப் பார்த்து அது கணிக்கவில்லை. திருஞானத்தைப் பார்த்துக் கணித்திருக்கிறது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்கு வந்த கோபம் அவளுக்கே புதிதாக இருந்தது. ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்ததில் உள்ளங்கை முழுக்கத் துரு.

மறுநாள் மதியம் அவள் ஆற்றுமுகத்துக்குப் போனாள். பூங்கோதை தலைக்கவசத்தைப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சிமென்ட் பாளத்தின்மேல் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டிய, ஒடிசலான, சத்தமாகப் பேசுகிற பெண். வேலையில் ஒரு சின்னத் தப்பு கண்ணில் பட்டால் ஆற்றின் அந்தக் கரைவரை அவர் குரல் கேட்கும். அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். திருஞானம் சொன்னது, புவனகிரி, அடைக்கலம், அவர் மகள்.

“திருஞானமும் நவம்பர்னுதான் சொன்னாரா?”

“ஆமா மேடம்.”

“அப்ப கணக்கு ரொம்பச் சரியாத்தான் இருக்கு.” டப்பாவை மூடினார். “என் பேரை எடுக்காத. கோட்டை நீட்டவும் செய்யாத. இருக்கறபடியே காட்டு.”

“எல்லார் முன்னாடியுமா மேடம்?”

“எல்லார் முன்னாடியும்தான். என்னை அனுப்பறதா இருந்தா வாயைத் திறந்து சொல்லி அனுப்பட்டும். ஒரு கோட்டைக் காட்டிச் சொல்லக் கூடாது.”

“என் வேலை போயிடும் மேடம்.”

“போகலாம். போகாதுன்னு நான் எப்படிச் சொல்றது? பயமா இருந்தா விட்டுடு, நானே அந்த ஸ்லைடைச் செஞ்சுக்கறேன். கோணல்மாணலா வரும், அவ்வளவுதானே.”

சுகிர்தா ஆற்றைப் பார்த்தாள். போன புயலில் அவள் தெருவில் இடுப்பளவுக்கு உப்புத்தண்ணீர் நின்றது. பீரோ, துணிமணி, தையல் மெஷின் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனது.

“கோணலா இருந்தா எனக்கு ஆகாது மேடம்,” என்றாள். “நானே செஞ்சு எடுத்துட்டு வர்றேன்.”

வியாழக்கிழமை கூட்ட அறையில் ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. வங்கியிலிருந்து சந்திரமதி என்ற அதிகாரி இரண்டு பேரோடு வந்திருந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த அவர், பேசுவதைவிடக் கேட்பதுதான் அதிகம். மேசையின் நடுவே மைக். கூட்டத்தில் குறிப்பெடுப்பதும் நேர்கோடுதான். பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கும், கேட்டதற்கேற்ப ஸ்லைடையும் அப்போதே திருத்தும். ஒருவர் ஒரு தேதியைத் தள்ளிப்போடலாம் என்று சொன்னால் திரையில் கட்டம் தானாக நகரும். இந்த வசதியைத்தான் திருஞானம் வந்தவர்களிடம் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தார்.

சுகிர்தா ஸ்லைடைப் போட்டாள்.

திருஞானம் திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்வதற்குள் சந்திரமதி கேட்டுவிட்டார்.

“மூணாவது கோடு ஏன் இவ்வளவு குட்டையா இருக்கு?”

“அது ஒரு சின்னத் தவறு மேடம்,” என்றார் திருஞானம். “பழைய ஸ்லைடைப் போட்டுட்டாங்க.”

“தவறு இல்லீங்க,” என்றாள் சுகிர்தா. “அது பூங்கோதை மேடத்தோட கோடு. நவம்பர்ல அவங்க இங்க இருக்கமாட்டாங்கன்னு நேர்கோடு சொல்லுது. ஏன்னா நவம்பர்ல அவங்கள அனுப்பறதா இருக்கு. கோடு குட்டையா இருக்கறதால அனுப்பறாங்க. அனுப்புவாங்கன்னு தெரிஞ்சதால கோடு குட்டையா இருக்கு. இந்தக் கோடு தானா முடியலீங்க. யாரோ ஒருத்தர் முடிக்கணும். அது யாருன்னு இந்த ரூம்ல யாராவது சொல்லணும்.”

சந்திரமதி பேனாவை மூடிவைத்துவிட்டுத் திருஞானத்தைப் பார்த்தார்.

“சுகிர்தா, நீ வெளிய போ,” என்றார் திருஞானம் மெதுவாக.

“போறேன் சார். அதுக்கு முன்னாடி என் பேரையும் இதுல சேத்துட்டுப் போறேன்.”

அவள் தன் பெயரை அடித்தாள். கோடு வரவே இல்லை. இடப்பக்க விளிம்பில், இன்றைய தேதியின்மேல் ஒரு நீலப் புள்ளி மட்டும் நின்றது. அதைப் பார்த்து முதலில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியவர் மன்சூர். பன்னிரண்டு பாலங்களுக்கு அடித்தளம் போட்டவர், கூட்டங்களில் வாயே திறக்காதவர்.

“அந்தப் புள்ளை போகுதுன்னா நானும் போறேன். பூங்கோதை அம்மா இல்லாத கதவுக்கு என்னால அடித்தளம் போட முடியாது. எனக்கு ஒரு சந்தேகம்னா யாரைப் போய்க் கேக்கறது?”

திரையில் அவருடைய கோடு அசைந்தது. வலக்கோடியிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்து நவம்பரில் நின்றது. வங்கியிலிருந்து வந்த ஒருவர் தன்னையறியாமல் எழுந்து நின்றார்.

“என்னையும் சேத்துக்கோங்க,” என்றார் கலைவாணன். அவர் கோடும் சுருங்கியது. நீலாம்பரி தன் வாட்சைக் கழற்றி மேசைமேல் வைத்தார், அவ்வளவுதான். நேர்கோட்டுக்கு அதுவே போதுமாயிருந்தது. கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடப்பக்கம் ஒதுங்கின. கடைசியில் வலப்பக்கம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. வந்து தொட ஒரு கோடும் இல்லாமல், ‘முதல் மூடல்’ என்ற சாய்சதுரம் அந்த வெள்ளையில் தனியாக நின்று, பிறகு சாம்பல் நிறமாக மங்கியது.

பூங்கோதை திருஞானத்தின் பக்கம் திரும்பினார்.

“சார், நேரடியாக் கேக்கறேன். என்னை அனுப்பறீங்களா?”

திருஞானம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “யாரையும் அனுப்பப் போறதில்ல. இங்க எல்லாரும் ஏன் உணர்ச்சிவசப்படறீங்க? யாரும் போகவேண்டாம்.”

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். ஒரு கோடும் அசையவில்லை.

“அது உங்களை நம்பல போலிருக்கே,” என்றார் சந்திரமதி.

யாரோ சிரித்தார்கள், உடனே அடக்கிக்கொண்டார்கள். திருஞானத்தின் முகம் கறுத்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர். தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் நின்றுகொண்டு பேசுகிறவர், அவ்வளவுதான். ஆனால் இத்தனை பேர் நடுவில், வெளியாட்கள் முன்னால், ஒரு மென்பொருள் தன்னைப் பொய்யன் என்று சொன்னது அவருக்கு உறைத்துவிட்டது.

“என் பேரையும் போடும்மா,” என்றார்.

சுகிர்தா அடித்தாள். அவருக்கு மட்டும் கோடு முழுதாக, சாய்சதுரத்தையும் தாண்டி ஓடியது.

“பாத்துக்கோ,” என்றார் அவர் திரையிடம், ஆளிடம் பேசுவதுபோல. “மேலேர்ந்து இவங்கள்ல யாரையாவது எடுன்னு என்கிட்ட சொன்னா, எழுதித் தரமாட்டேன். என்னை எடுத்துட்டு அப்புறம் அவங்கள எடுங்கன்னு சொல்லுவேன். குறிச்சுக்கோ.”

அவர் கோடு நடுங்கியது. சாய்சதுரத்துக்கு அப்பால் இருந்த துண்டு போயிற்று, பிறகு இன்னும் கொஞ்சம், பாதிவரை வந்து நின்றது. அதே நேரத்தில் மற்ற கோடுகள் நீளத் தொடங்கின. மன்சூருடையது, கலைவாணனுடையது, நீலாம்பரியுடையது. சுகிர்தாவின் புள்ளிகூட நூலாக இழுபட்டு வளர்ந்தது. பூங்கோதையின் கோடு நவம்பரைத் தாண்டியது, வருடங்களைத் தாண்டியது. சாய்சதுரத்துக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு அங்கேயே நின்றுவிட்டது.

அந்த இடைவெளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எல்லாரும் எழுந்து பேசிக்கொண்டிருந்தார்கள், சந்திரமதி திருஞானத்தோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார். சுகிர்தா மட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் நேரத்தில் பூங்கோதையைத் தாழ்வாரத்தில் பிடித்தாள்.

“மேடம், திருஞானம் சாரைத் தவிர எல்லாரோட கோடும் கதவைத் தொட்டுடுச்சு. உங்களுது மட்டும் ஏன் தொடல?”

“அது சரிதான்,” என்றார் பூங்கோதை. தேநீரை ஊதிக் குடித்தார். “ரத்தத்துல ஒரு கோளாறு. ரெண்டு வருஷமா மருந்து சாப்பிடறேன். டாக்டரும் ஏறக்குறைய அந்தக் கணக்குதான் சொல்றார்.”

“உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு நெனச்சுத்தான் நான் உள்ள அப்படிப் பேசினேன்.”

“நீ அப்படியா பேசின? கோட்டை முடிக்கறது யாருன்னுதானே கேட்ட? வியாதி இல்லாதவங்களுக்கு மட்டும்தான் அந்தக் கேள்வியா?”

“முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம்.”

“சொல்லியிருந்தா நீ என்னைப் பாவம்னு நெனச்சிருப்ப. பாவம்னு நெனச்சா அந்த ஸ்லைடைப் போட்டிருக்கமாட்ட.” கோப்பையை வைத்தார். “கடைசித் துண்டு என்னோடது. அது எங்க முடியணும்னு நான் பாத்துக்கறேன். வா, உள்ள கூப்பிடறாங்க.”

அதன்பிறகு நடந்ததெல்லாம் ஒரே நாளில் நடக்கவில்லை. தான் பணம் தருகிற திட்டங்களில் ஆட்களின் காலத்தைக் கணித்துக் கோடு போடக்கூடாது என்று அந்த வங்கி நிபந்தனை வைத்தது. தலைமை அலுவலகம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டது. திருஞானத்துக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை, ஆனால் போன் வந்தால் இப்போது உட்கார்ந்தே பேசினார். அடைக்கலத்தை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார்கள். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சுகிர்தா பழையபடி கட்டங்களை ஒட்டி வரையத் தொடங்கினாள். ஒவ்வொரு பெயருக்கும் கதவுவரை ஒரே நீளத்தில் ஒரு கோடு. அரைநாள் வேலைதான்.

அடித்தளம் முடிந்தது. தூண்கள் எழுந்தன. கதவின் இரண்டு இறக்கைகளையும் படகில் கொண்டுவந்து மாட்டினார்கள். நேர்கோடு அன்றைக்குத் திரையில் பூங்கோதைக்கு வைத்த எல்லை எந்த மாதம் என்று சுகிர்தாவுக்கு மட்டும் மறக்கவில்லை. அந்த மாதம் வந்தது. பூங்கோதை அந்த மாதம் முழுக்கக் கீல்களுக்குப் பக்கத்தில் நின்று ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது, குரல் மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த மாதமும் அப்படித்தான் போயிற்று.

அதற்கடுத்த மாதம் ஒரு மதிய வேளையில் அவர் சுகிர்தாவின் மேசைக்கு வந்தார். வேறொருவரின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“அந்த டைம்லைனைத் திற.”

திறந்தாள்.

“என் கோடு எது?”

“மூணாவது.”

பூங்கோதை மவுஸை வாங்கிக்கொண்டார். கோட்டின் முனையைப் பிடித்து, கதவிலிருந்து மெல்லப் பின்னால் நகர்த்தி, அந்த வாரத்தில் கொண்டுவந்து வைத்தார். கை நடுங்கியதில் முனை கொஞ்சம் கீழே சரிந்துவிட்டது.

“கோணலா இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“இருக்கட்டும். நேத்து கடைசிக் கீலையும் பாத்துட்டேன். இனிமே அது நல்லா வேலை செய்யும், நான் நிக்கவேண்டியதில்ல. நாளைலேர்ந்து தங்கச்சி வீட்ல, பாண்டிச்சேரியில இருப்பேன்.” எழுந்துகொண்டார். “யாரும் அனுப்பல, சரியா? யாராவது கேட்டா நானாத்தான் போனேன்னு சொல்லு.”

சுகிர்தா அந்தக் கோணலைச் சரிசெய்யவில்லை. அடுத்து வந்த கூட்டங்களில் அதை அப்படியேதான் காட்டினாள்.

திறப்புவிழாவுக்கு நாள் குறிப்பதற்கு முன்னாலேயே புயல் வந்துவிட்டது. வானிலை அறிவிப்பு வந்ததும் திருஞானம் யாரையும் கேட்காமல் கதவை மூடச் சொன்னார். கலைவாணனின் மோட்டார்கள் உறுமின. இரண்டு இறக்கைகளும் ஆற்றின் நடுவே வந்து ஒன்றையொன்று தொட்டன. காலை பத்துமணிக்கே மாலை போல இருட்டியிருந்தது. கட்டுப்பாட்டு அறையின் கண்ணாடியில் மழை சாட்டையாய் அடித்தது. மன்சூர் பக்கத்தில் நின்று ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

சுகிர்தாவின் போன் அடித்தது.

“தண்ணி எந்தப் பக்கம் நிக்குது?” என்றது பூங்கோதையின் குரல். அவ்வளவு மெலிந்த குரலில் அவர் பேசி அவள் கேட்டதில்லை.

“வெளிப் பக்கம் மேடம்.”

“கண்ணாடி வழியா பாத்துட்டு சொல்லாத. வெளிய போய்ப் பாத்து சொல்லு.”

சுகிர்தா அறைக்கதவைத் திறந்துகொண்டு நடைபாலத்துக்குப் போனாள். காற்று அவளைக் கம்பியோடு சேர்த்து அழுத்தியது. இடப்பக்கம் ஊர், அதன் விளக்குகள், குளம்போல அடங்கிக் கிடந்த ஆறு. வலப்பக்கம் கடல். ஒரு ஆள் உயரத்துக்கு மேலே, பழுப்பு நிறத்தில், எழும்பி எழும்பி வந்து இரும்பில் மோதித் திரும்பிப் போனது.

“வெளியதான் மேடம். ஊருக்குள்ள ஒரு சொட்டு வரல.”

“சரி. போனை வச்சிட்டு உள்ள போ. நனையாத.”

சுகிர்தா வைக்கவில்லை. அலை கதவில் அடிக்கிற சத்தம் அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கட்டும் என்று போனைக் கம்பிக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.